நாலாம் சேனல்

கம்பியக்காவுக்கு அந்தப் பேர் ஆண்டெனாவால் வந்தது. வயர்லெஸ் செட் பழுது பார்க்கும் கடையில் அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சிமெண்டு லாரிக் கம்பெனியின் மாடியில் கம்பம் நட்டுக் கம்பி இழுக்க வேண்டியிருந்தது. கூட வந்த ஆண்கள் மூன்று பேரும் ஏணியின் உயரத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது இவள் ஏறிவிட்டாள். இறங்கும்போது பேரும் கூடவே இறங்கி வந்தது. இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. பெற்றவர்கள் வைத்த பேரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்ப்பாளா என்பதே சந்தேகம்.

கடை, டயர்க் கடைக்குப் பின்புறச் சந்தில் இருந்தது. முன்னறையில் முதலாளி, ஒரு மேஜை, ஓயாத டெலிபோன். பின்னறையில் கம்பியக்கா, ஈயம் உருக்கும் சால்டர் புகை, வயிற்றைத் திறந்து போட்டுக் கிடக்கும் செட்டுகள். டாக்ஸிக்காரர்கள், கல் குவாரி, தண்ணீர் லாரிகள் என்று ஊரில் காற்றில் பேசுகிற அத்தனை பேருடைய பேச்சும் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அவள் விரலிடுக்கில் வந்துதான் போகும். ஒரு செட்டைக் காதருகில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் எங்கே ஈயம் விட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். முதலாளி அதைப் பெருமையாக எல்லோரிடமும் சொல்வார். அவளிடம் மட்டும் சொன்னதில்லை.

பகலெல்லாம் செய்த வேலையையே சாயங்காலம் விளையாட்டாகச் செய்கிற பைத்தியம் உலகத்தில் உண்டென்றால் அது இவள்தான். அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வைத்திருந்தாள். அரசாங்கம் பரீட்சை வைத்து, இன்னின்ன அலைவரிசையில் நீ பேசிக்கொள்ளலாம் என்று அனுமதி தரும். அதில் கூலி கிடையாது, வியாபாரம் கூடாது, பேசுவதுதான் லாபம். கட்டிய பாவத்துக்கு அவள் வீட்டுக்காரரும் அந்தப் பரீட்சையை எழுதினார். அவர் சலவை நிலையத்து வேன் ஓட்டுகிறவர். ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் வெளுத்த விரிப்பைக் கொடுத்து அழுக்கு விரிப்பை வாங்கி வருவது வேலை. மின்னழுத்தம் எது மின்னோட்டம் எது என்று குழம்பி இரண்டு தரம் தோற்றார். மூன்றாம் தரம் தேறினார். இந்த வயதில் எதற்கு இந்தப் பாடு என்று கேட்டவர்களிடம், "வீட்ல பேச முடியலீங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மனுஷன் உண்மையைத்தான் சொன்னார்.

மூன்று அறை வீட்டில் ஏழு பேர். மாமியார், கல்யாணமாகாத கொழுந்தன், வேலை போய் வந்து தங்கிவிட்ட நாத்தனார், இரண்டு பெண்கள். புருஷன் பெண்டாட்டி ஒரு வார்த்தை பேசினால் அது கூடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒன்பது வார்த்தையாகியிருக்கும். செல்போன் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. அதில் சலவை நிலையத்து மேனேஜர் நிமிஷத்துக்கொரு தரம் "இப்ப எங்க இருக்கீங்க" என்று கேட்டுக்கொண்டிருப்பார். அது மணியடித்தாலே வீட்டுக்காரர் முகம் சுருங்கும். ரேடியோ என்றால் மலரும்.

ஆனால் எல்லோரும் கூடுகிற பேண்டில், அதாவது அலைவரிசைத் தொகுதியில், பேசுவது சந்தையில் நின்று பேசுவதற்குச் சமானம். இவள் "சாப்பிட்டீங்களா" என்று கேட்டால், ஓய்வுபெற்ற நாலு பேர் நடுவில் புகுந்து, குரல் தெளிவாக இருக்கிறது, ஆண்டெனா என்ன உயரம் என்று விசாரிப்பார்கள். கூட்டமான இரண்டு பேண்டுகளுக்கு நடுவில் ஒரு பேண்டு கேட்பாரற்றுக் கிடந்தது. லைசென்ஸில் அதற்கும் அனுமதி உண்டு. யாரும் அங்கே போவதில்லை, ஏனென்றால் அதற்கென்று செட் செய்து விற்கிற கம்பெனி கிடையாது. செட் இல்லாததால் ஆள் இல்லை, ஆள் இல்லாததால் செட் இல்லை. அங்கே குடியேறுவது என்று கம்பியக்கா முடிவு செய்தாள். ஒளித்துப் பேச ஒன்றுமில்லை. தலைவலி, பிள்ளைகள் படிப்பு, மாமியார் முணுமுணுப்பு, அவ்வளவுதான். அதை நிம்மதியாகப் பேச ஓர் இடம் வேண்டியிருந்தது.

கடையில் விற்காவிட்டால் என்ன, கம்பெனிகளுக்கென்று செய்த செட்டுகளில் தேட வேண்டியதுதான். டாக்ஸிக்கும் லாரிக்கும் செய்கிற செட்டுகள் பார்வைக்கு ஒரே அச்சு. பெட்டி ஒன்று, உள்ளே குடல் நாலு விதம். எந்தக் குடல் என்பதை அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் ஏழாவது எழுத்து சொல்லும். அந்த எழுத்துச் சரியாக இருந்தால் கொஞ்சம் திருகிக் கீழே இறக்கி அந்த அநாதை பேண்டுக்குக் கொண்டுவரலாம். தப்பாக இருந்தால் தலைகீழாக நின்றாலும் நடக்காது.

இரண்டு வருஷம் அந்த ஒரு எழுத்துக்காக அலைந்தாள். குவாரி கழித்துப்போட்ட செட்டுகளைப் போய்ப் பார்த்தாள், தப்பு. துறைமுகத்தில் பார்த்தாள், அதுவும் தப்பு. டாக்ஸியில் ஏறினால் முதல் காரியமாக டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்து பார்ப்பாள். கம்மல் விழுந்துவிட்டதோ என்று டிரைவரும் சேர்ந்து குனிவார். ஒரு தரம் இரண்டு பேர் தலையும் முட்டிக்கொண்டதை வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தார்.

கடைசியில் பார்த்தால், கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. டாக்ஸிக் கம்பெனி ஒன்று இனிமேல் செல்போன் போதும் என்று நாற்பது செட்டுகளையும் கழற்றி அவள் கடையிலேயே கொண்டுவந்து கொட்டியது. பத்து வருஷமாக அவளே பழுது பார்த்த செட்டுகள். அடிச்சீட்டில் தப்பான எழுத்து இருந்ததால் அவள் அவற்றைக் கணக்கிலேயே சேர்த்ததில்லை. இப்போது எதற்கும் பார்ப்போம் என்று ஒன்றைத் திறந்தாள். உள்ளே சுருளில் அடித்திருந்த எண் வேறு. அவசரத்தில் பழுது பார்க்கும்போது ஒன்றின் அடிமூடியை இன்னொன்றுக்குப் போட்டு மூடிய கைங்கரியம் யாருடையது என்று ஆராய்ந்தால் அது அவள் மேலேயே வந்து விடியும் என்பதால் ஆராயவில்லை. நாற்பதில் ஆறு செட் சரியான குடல். இரண்டைக் கேட்டாள்.

"எடுத்துட்டுப் போம்மா, இடத்தை அடைக்குது" என்றார் முதலாளி.

அன்றைக்கு அவள் பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஒன்றைத் தன் மேஜையில் வைத்தாள். இன்னொன்றை வேனில் கியருக்குப் பக்கத்தில் பொருத்தினாள். இப்போது நடந்ததைக் கவனமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா வினைக்கும் இந்த அரைமணி நேரத்தில்தான் விதை விழுந்தது.

அந்தக் கடையில் ஒரு சட்டம் உண்டு: வந்த செட்டில் இருக்கிற சேனலை அழிக்காதே. அவள் சேருவதற்கு முன்னால் எவனோ ஒரு புத்திசாலி, குவாரி செட்டுகளைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று எல்லாச் சேனலையும் துடைத்துவிட்டான். வெடி வைக்கிறவனும் கீழே நிற்கிறவனும் பேசிக்கொள்ள முடியாமல் குவாரி ஒருநாள் முழுக்க நின்றது. அன்று முதல், புதிதாக ஒன்று வேண்டுமா, காலியாக விட்டிருக்கும் முதல் இடத்தில் சேர், பழையதைத் தொடாதே என்று முதலாளி எல்லோருக்கும் பாடம் நடத்தினார். இருபத்திரண்டு வருஷம் அவள் கை அப்படித்தான் பழகியிருந்தது. தன்னுடைய செட்டுக்கும் அந்தக் கை அதையே செய்தது. முதல் சேனலில் அநாதை பேண்டு. இரண்டு, மூன்று, நாலில் டாக்ஸிக் கம்பெனியின் பழைய சேனல்கள், வைத்தது வைத்தபடி. இது வாடிக்கையாளர் செட் இல்லையே, நம்முடையதாயிற்றே, அழித்தால் யார் கேட்கப்போகிறார்கள் என்று மூளைக்குத் தோன்றவே இல்லை. பழக்க தோஷம் என்பது இதைத்தான்.

இன்னொன்றும் உண்டு. இந்த மாதிரிச் செட்டுகளில் ஒருவர் ஒரு நிமிஷத்துக்கு மேல் விடாமல் பேசினால் தானாகத் துண்டித்துக்கொள்ளும். டாக்ஸி டிரைவர்கள் ஒரு நிமிஷத்தில் பேச்சை முடிக்கிற ஜாதியா? கம்பெனி கேட்டுக்கொண்டதன்பேரில் அதை எடுத்துவிட்டவளும் இவள்தான், எட்டு வருஷத்துக்கு முன்னால்.

பத்து மாதம் சுகமாகப் போயிற்று. காலை பத்தே முக்காலுக்கு டீ இடைவேளை. அவர் வேனை எங்காவது மரத்தடியில் நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். அவள் மைக்கை எடுத்துக் கூப்பிடுவாள். பத்து நிமிஷப் பேச்சு. கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அவர்கள் அவ்வளவு பேசியதில்லை. முதலாளி அந்த நேரத்தில் பின்னறைக்கு வரமாட்டார், வந்தாலும் இருமிவிட்டு வருவார்.

இதற்கு நடுவில் ஆம்புலன்ஸ் நிலையம் எட்டு வண்டிகளுக்குப் புது செட்டு வாங்கியது. டாக்ஸிக் கம்பெனி விட்டுப்போன அலைவரிசை ஒன்று சும்மா இருந்ததால், அரசாங்க அலுவலகம் அதை ஆம்புலன்ஸுக்கு ஒதுக்கியது. செட்டுகளை அமைத்துக் கொடுத்தது இந்தக் கடை. கடிதத்தில் இருந்த எண்ணைப் பார்த்து எட்டிலும் ஏற்றியது கம்பியக்கா. கடையில் யாரும் டாக்ஸி சேனலை அலைவரிசை எண்ணால் சொன்னதில்லை. "டாக்ஸி நாலு" என்பார்கள், அவ்வளவுதான். அவள் கண்ணுக்கு அது ஒரு புது எண்ணாகத்தான் தெரிந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை பத்தே முக்காலுக்கு அவள் கூப்பிட்டாள். பதில் இல்லை. மூன்று தரம் கூப்பிட்டாள், நாலு தரம் கூப்பிட்டாள். முந்தின நாள் நாத்தனார் விஷயமாக இரண்டு பேருக்கும் வாய்த்தகராறு. அதை மனதில் வைத்துக்கொண்டு வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று நினைத்து மைக்கை ஆணியில் மாட்டினாள். சாயங்காலம் வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். "சத்தியமா நீ கூப்பிடவே இல்ல" என்றார் அவர். "ஆமா, காத்தைத்தான் கூப்பிட்டேன்" என்றாள் இவள்.

வியாழக்கிழமை காலை ஒரு பெண் கடைக்கு வந்தாள். முப்பது வயசுக்குள். ஆம்புலன்ஸ் நிலையத்தில் கட்டுப்பாட்டு அறை வேலை. அழைப்பு வந்தால் வண்டிகளுக்கு வயர்லெஸில் வழி சொல்லி அனுப்புகிறவள். இரண்டு நாளாகத் தூங்காத கண். முதலாளி அவளைப் பின்னறைக்கே அழைத்து வந்துவிட்டார்.

"அக்கா, செவ்வாய்க்கிழமை எங்க சேனலை யாரோ அடைச்சுட்டாங்க. பதினெட்டு நிமிஷம். எவனோ மைக் பட்டனை அழுத்தினபடியே விட்டுட்டான். நான் கத்துறேன், கத்துறேன், ஒரு வண்டிக்கும் கேக்கல. ஒரு தையல்காரருக்குப் பக்கவாதம். ரெண்டு தெரு தள்ளி வண்டி சும்மா நிக்குது, என்னால அதுக்குச் சொல்ல முடியல. அந்த டிரைவர் போனை நிலையத்துல சார்ஜ்ல போட்டுட்டுப் போயிருக்கார். வேற வண்டி டிரைவரைப் போன்ல பிடிச்சு அனுப்புறதுக்குள்ள நேரமாயிடுச்சு."

"அவர்?" என்று கேட்டார் முதலாளி.

"உயிரோட இருக்கார். வலது பக்கம் முழுக்கப் போயிடுச்சு. முன்னாடியே வந்திருந்தா தப்பிச்சிருப்பாரான்னு டாக்டரைக் கேட்டேன். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்னார்." அவள் செல்போனை எடுத்தாள். "எங்க ரிக்கார்டு மிஷின் ஆறு மாசமா ஓடல. நானே ஸ்பீக்கர்கிட்டப் பிடிச்சு ரெண்டு நிமிஷம் எடுத்தேன். எங்க அதிகாரிங்க இதை நம்ப மாட்டேங்கறாங்க. நீ அசட்டையா இருந்துட்டு இப்ப கதை கட்டுறேங்கறாங்க. உங்களுக்குக் காது கூர்மைன்னு எங்க டிரைவருங்க சொன்னாங்க. இது என்ன வண்டி, எந்த மாதிரி செட்டுன்னு ஏதாவது தெரியுதா பாருங்கக்கா."

பட்டனைத் தட்டினாள்.

முதலில் இரைச்சல். நின்றுகொண்டு ஓடுகிற எஞ்சின். இரும்புக் கம்பியில் காலி ஹேங்கர்கள் ஒன்றோடொன்று உரசுகிற சத்தம். பிறகு ஒரு ஆள் மூக்கால் பாட்டு முனகுகிறான், ராகம் ஒரு வழி, தாளம் ஒரு வழி. முனகல் நின்றது. "இருபத்தி நாலு தலையணை உறை, பன்னெண்டு போர்வை" என்று ஏதோ ஒப்பித்தான். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்:

"பத்தே முக்கால் தாண்டிடுச்சு. இன்னும் கூப்பிடக் காணோம். கோவமா இருப்பாளோ."

கம்பியக்கா கையிலிருந்த சால்டரிங் இரும்பைத் தாங்கியில் வைத்தாள். நாலாம் சேனல். ஆம்புலன்ஸ் கடிதத்தில் இருந்த எண் அப்போதுதான் அவள் மண்டையில் டாக்ஸி நாலோடு போய் ஒட்டியது.

"தெரியுதாக்கா?"

வாயைத் திறந்தாள். வார்த்தை வருவதற்குள் முதலாளி முந்திக்கொண்டார்.

"இதுல என்னம்மா தெரியும்? ஆயிரம் வண்டி ஓடுது. இந்த மாதிரி கேஸெல்லாம் கண்டுபிடிக்கவே முடியாது. என்னம்மா?" என்று கம்பியக்காவைப் பார்த்தார்.

"சரியாச் சொல்ல முடியல" என்றாள் கம்பியக்கா.

அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அதுதான் தாங்கவில்லை. போனதும் முதலாளி கதவருகில் நின்றபடி, தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பத்து வருஷமா உனக்குச் சாப்பாட்டுப் பாத்திரம் கொண்டு வர்ற ஆளு. பாடிக்கிட்டேதான் சந்துக்குள்ள வருவாரு. எனக்கு அந்தக் குரல் தெரியாதா? நான் ஒண்ணும் கேக்கல, நீ ஒண்ணும் சொல்லல. ஆம்புலன்ஸ் வேலை போச்சுன்னா கடை இல்ல, புரியுதா?"

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போகாமல் சலவை நிலையத்துக்குப் போனாள். வேன் கதவைத் திறந்து பார்த்தாள். செட்டின் சேனல் குமிழ் ஒன்றாம் எண்ணில் இருந்தது. மைக் கொக்கியில் தொங்கியது. அவரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் வேன் படியில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்சம் கொஞ்சமாக ஞாபகம் வந்தது. அன்றைக்குக் காலை ஈரத் துணியால் செட்டைத் துடைத்தார். தினமும் துடைப்பார், அவள் பொருத்தினது என்ற ஆசை. குமிழ் அப்போது திரும்பியிருக்க வேண்டும். வழியில் ஒரு திருப்பத்தில் விரிப்பு மூட்டை சரிந்து கியருக்குப் பக்கத்தில் விழுந்தது. மைக் அதற்கடியில். வேன் மறுபடி கிளம்பியபோது மூட்டை நகர்ந்து பட்டனை விட்டிருக்க வேண்டும். மத்தியானம் மூட்டையை இறக்கும்போது குமிழ் நாலில் இருப்பதைப் பார்த்து, அடடா, அதனால்தான் அவள் குரல் வரவில்லை என்று நினைத்து ஒன்றுக்குத் திருப்பி வைத்தார். சொன்னால் கவனமில்லாத ஆள் என்று திட்டுவாளே என்று சொல்லவில்லை.

"யாருக்கும் தெரியாதில்ல?" என்று கேட்டார்.

"உங்க முதல் கேள்வியே இதுதானா?"

"வேற என்ன கேக்கச் சொல்ற? வேலை போயிடும். ரெண்டு பேருக்குமே போயிடும். ரெண்டு பொண்ணுங்க இருக்கு."

அவரைத் திட்ட அவளுக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் அதே கேள்வியைக் காலையிலிருந்து அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள். குமிழைத் திருப்பியது அவர் துணி, பட்டனை அழுத்தியது மூட்டை. ஆனால் நாலாம் சேனலை உள்ளே விட்டு வைத்தது யார்? அதை எந்த மூட்டையின் மேலும் போட முடியாது. வெள்ளிக்கிழமை வாய் திறக்கவில்லை. சனிக்கிழமையும் திறக்கவில்லை. பூனை கண்ணை மூடினால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம். இவளுக்குக் கண்ணை மூடினால்தான் எல்லாம் வெளிச்சமாகத் தெரிந்தது. பத்தே முக்காலுக்கு மைக்கைத் தொடவில்லை. வேனில் இருந்த செட்டைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவர் ஆண்டெனா உடைந்ததென்று வந்தார். கட்டுப்பாட்டு அறைப் பெண்ணை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். விசாரணை முடியும் வரைக்கும் வீட்டில் இருக்க வேண்டுமாம். "செட்டுல கோளாறில்ல, அடைப்பும் இல்ல, அந்தப் பொண்ணு தூங்கியிருக்கும்னு எழுதப் போறாங்க. நல்ல பொண்ணுங்க அது. என்ன பண்றது, யார் கண்ணுக்கும் தெரியாத தப்புக்கு யாராவது ஒருத்தர் தலையைக் கொடுக்கணுமே" என்றார்.

அவர் போனதும் கம்பியக்கா வெள்ளைத்தாள் எடுத்தாள். கடைப் பேர் அச்சடித்த தாளைத் தொடவில்லை. செட்டின் எண், அது எங்கிருந்து வந்தது, எந்தச் சேனலை அழிக்காமல் விட்டாள், நேரத் துண்டிப்பை எப்போது எடுத்தாள், பதிவில் கேட்பது யாருடைய குரல், எல்லாவற்றையும் வரிசையாக எழுதினாள். பழுதுச் சீட்டு எழுதிப் பழகிய கை. கண்ணீர் வந்தாலும் எழுத்து கோணவில்லை. முதலாளி வந்து தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.

"இதைக் கொடுத்தா நாளைக்கு நீ இங்க வரவேண்டாம்."

"தெரியுங்க."

"உன்னை விட்டா எனக்கும் ஆளில்லன்னு தெரியுமா?" என்றார் அவர். அவள் காதுபடச் சொன்ன முதல் பாராட்டு அதுதான். சொல்லிவிட்டுக் கோபமாக முன்னறைக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் தாளை வீட்டுக்காரரிடம் காட்டினாள். சமையலறையில், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் பேசினார்கள். அவர் ரொம்ப நேரம் படித்தார். "கீழ என் பேரையும் போடு. மைக் என் பக்கம்தான் இருந்துச்சு" என்றார். அவரே கையெழுத்தும் போட்டார். பரீட்சைத் தாளில் போட்ட மாதிரி, நிதானமாக, முழுப் பேரும் தெரியும்படி.

திங்கட்கிழமை காலை இரண்டு பேரும் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனார்கள். மாடியில் ஒற்றை அறை. கம்பிக் கொடியில் ஆம்புலன்ஸ் நிலையத்துச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. அவள் வாசலிலேயே நின்று தாளைப் படித்தாள். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"எப்பக்கா தெரியும் உங்களுக்கு?"

"நீ வந்து போட்டுக் காட்டினப்பவே."

"வியாழக்கிழமை."

"ஆமா."

"நான் சனிக்கிழமை அந்தத் தையல்காரர் வீட்டுக்குப் போனேன்." அவள் குரல் உயரவில்லை. "நீயே போய்த் தப்பை ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேட்டுட்டா அவங்க புகார் கொடுக்க மாட்டாங்க, உன் வேலையும் தப்பிக்கும்னு எங்க அதிகாரி சொன்னார். போனேன். என் அசட்டைதான்னு சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அப்படித்தான்னு தோணிடுச்சு. அவர் சம்சாரம் அவருக்கு ஊட்டிக்கிட்டு இருந்தாங்க. கையைக் கழுவிட்டு வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாங்க. நீயும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே, மனசுல வெச்சுக்காத, போம்மான்னாங்க. நீங்க ரெண்டு நாள் முன்னாடி வந்திருக்கலாமேக்கா."

கம்பியக்கா தலையை நிமிர்த்தவில்லை. "மன்னிச்சுடும்மா" என்று ஆரம்பித்தாள்.

"எங்கிட்ட ஏன் கேக்கறீங்க?" அந்தப் பெண் உள்ளே போய்ப் பேனா எடுத்து வந்து ஒரு துண்டுச் சீட்டில் விலாசம் எழுதினாள். "அங்க போய்க் கேளுங்க. நான் கூட வரமாட்டேன்." தாளை மடித்து வைத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டாள்.

தையல்காரர் வீடு தரைத்தளம். முன்னறையே கடையாக இருந்திருக்கிறது. தையல் மிஷினைச் சுவர்ப் பக்கம் தள்ளி, அந்த இடத்தில் கட்டில் போட்டிருந்தார்கள். அவர் ஜன்னல் பக்கம் முகம் திருப்பிப் படுத்திருந்தார். மனைவி கதவைத் திறந்தாள். கம்பியக்கா வழி நெடுக ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை. செட், சேனல் என்று தொடங்கினால் யாருக்கும் புரியாது. "அன்னைக்கு ஆம்புலன்ஸ் வராததுக்கு நாங்கதான் காரணம்" என்றாள். பிறகு மெதுவாக ஒவ்வொன்றாகச் சொன்னாள். வீட்டுக்காரர் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். நடுவில் ஒரு தரம், "நான்தாம்மா அந்த வண்டியில இருந்தது" என்றார்.

அந்த அம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்த பிறகு அவள் முதலில் கேட்டது அந்தப் பெண்ணைப் பற்றித்தான்.

"அப்ப சனிக்கிழமை வந்துச்சே ஒரு பொண்ணு. அது மேல தப்பே இல்லையா?"

"இல்லம்மா."

"பாவம், அது அழுதுச்சு. அது போனப்புறம் நானும் அழுதேன். நாலு நாளா எரிஞ்சுக்கிட்டு இருந்தது அன்னைக்குத்தான் அடங்குச்சு. விட்டுடலாம்னு நாங்க ரெண்டு பேருமே பேசிக்கிட்டோம். இவருக்குப் பேச்சு வராது, தலையை ஆட்டினார்." கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். அவர் இவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களைத் திட்டணும்னு தோணல எனக்கு. ஆனா என்ன சொல்றதுன்னும் தெரியல. இருந்த மன்னிப்பையெல்லாம் அந்தப் பொண்ணுக்கே கொடுத்துட்டேம்மா."

சொல்லிவிட்டு அவள் கதவைப் பிடித்தபடி நின்றாள். கதவைச் சாத்தவும் இல்லை, உள்ளே வந்து உட்காரச் சொல்லவும் இல்லை.